பழைய பேஸ்பால் வீரர்களின் ஃபீல்டிங் கணக்கைப் பிழையில்லாமல் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பேட்டிங் சராசரியைப் படிக்க ஒரு நிமிடம் போதும். ஃபீல்டிங் கணக்கைப் படிக்கப் பழகுவதற்கு எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. பிறகு பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எல்லோரும் இடறும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. எடுத்த எடுப்பில் சதவீதத்தைப் பார்த்து, அதை வைத்தே ஒரு வீரரை எடைபோட்டுவிடுகிறார்கள். சதவீதத்துக்கு முன் செய்யவேண்டிய வேலைகள் நான்கு இருக்கின்றன. அவற்றை முடிக்காமல் அதைத் தொட்டால் கிடைக்கும் விடை தப்பாகத்தான் இருக்கும். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

முதலாவது, ஷான் லாமன் தொடங்கிய பேஸ்பால் தரவுத்தளம். 1871 முதல் ஆடிய ஒவ்வொருவரின் கணக்கும் ஆண்டு வாரியாக அதில் இருக்கிறது. அதிலுள்ள ஃபீல்டிங் கோப்பு, வீரர்களின் பெயர்க் கோப்பு, அணிகளின் கோப்பு ஆகிய மூன்றும் போதும். எக்செல் போன்ற எந்த விரிதாளிலும் திறக்கலாம்.

இரண்டாவது, ரெட்ரோஷீட். 1989இல் டேவிட் ஸ்மித் தொடங்கிய தன்னார்வ அமைப்பு இது. பழைய ஸ்கோர் தாள்களைத் தேடி எடுத்து, ஆட்டம் ஆட்டமாகப் பதிவு செய்து, இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஆண்டுக் கணக்கில் சந்தேகம் வந்தால் ஒரு தனி ஆட்டம் வரை இறங்கிப் பார்க்க இது உதவும்.

மூன்றாவது, ஒரு குறிப்பேடு. எந்த எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதை அன்றன்றே எழுதிவையுங்கள். மூலத்துக்கு மூலம் ஒன்றிரண்டு வித்தியாசம் வருவது இயல்பு. குறிப்பு இல்லையென்றால் ஒரு வாரம் கழித்து எது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியாது.

2. மூன்று சொற்களை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்

புட்அவுட், அசிஸ்ட், எரர் ஆகிய மூன்றில்தான் எல்லாக் கணக்கும் நிற்கிறது. ஒருவரை அவுட் ஆக்கும் கடைசிச் செயலைச் செய்தவருக்குப் புட்அவுட். அதற்கு முன் பந்தை எறிந்தோ திசைதிருப்பியோ உதவியவருக்கு அசிஸ்ட்.

ஒரே பந்தில் இருவர் அவுட் ஆகும் டபுள் பிளே ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். (பேஸ் என்பது ஓட்டக்காரர் தொடவேண்டிய இடம்.) தரையோடு வரும் பந்தை, இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் எடுத்து இரண்டாம் பேஸ்காரருக்கு எறிகிறார். அவர் பேஸை மிதித்துவிட்டு முதல் பேஸுக்கு எறிகிறார். ஷார்ட்ஸ்டாப்புக்கு ஓர் அசிஸ்ட். இரண்டாம் பேஸ்காரருக்கு ஒரு புட்அவுட், ஓர் அசிஸ்ட். முதல் பேஸ்காரருக்கு ஒரு புட்அவுட். டபுள் பிளே கணக்கில் மூவருக்கும் தலைக்கு ஒன்று. இதைத் தாளில் நீங்களே நான்கைந்து முறை எழுதிப்பாருங்கள்.

மூன்று ஸ்டிரைக்கில் பேட்டர் அவுட் ஆகும் ஸ்டிரைக்அவுட்டின் புட்அவுட், பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சருக்குப் போகிறது. அதனால் கேட்சரின் புட்அவுட் எண்ணிக்கை பெரும்பாலும் அவருடைய பிட்சர்களின் (பந்து வீசுபவர்களின்) திறமையைத்தான் சொல்கிறது. முதல் பேஸ்காரரின் புட்அவுட்டும் அப்படியே: மற்றவர்கள் எறிந்த பந்தை அவர் பிடித்த எண்ணிக்கை அது.

எரர் என்பது அதிகாரபூர்வ ஸ்கோரரின் தீர்ப்பு. சாதாரண முயற்சியில் முடித்திருக்கவேண்டியதை ஒருவர் தவறவிட்டார் என்று ஸ்கோரர் கருதினால் எரர் எழுதப்படும். கிரிக்கெட் ஸ்கோர் அட்டையில் தவறவிட்ட கேட்சுக்கு இடமே கிடையாது. பேஸ்பாலில் அது வீரரின் பெயரோடு நூறாண்டுக்குப் பிறகும் நிற்கிறது. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. பந்தை எட்டவே முடியாத மந்தமான ஆட்டக்காரருக்கு எரர் விழாது. பாய்ந்து சென்று தொட்டுத் தவறவிட்டவருக்கு விழக்கூடும். 6ஆம் 7ஆம் படிகள் இரண்டாகப் பிரிந்திருப்பதற்கு இதுவே காரணம்.

3. ஆள் சரியான ஆள்தானா என்று பாருங்கள்

பெயரை வைத்துத் தேடாதீர்கள். அடையாளக் குறியீட்டை வைத்துத் தேடுங்கள். லாமன் தரவுத்தளத்தில் குடும்பப் பெயரின் முதல் ஐந்து எழுத்துகள், இயற்பெயரின் முதல் இரண்டு எழுத்துகள், அதன்பின் ஓர் இரண்டிலக்க எண் என்று குறியீடு அமைந்திருக்கும். அந்தக் கடைசி இரண்டிலக்கம்தான் ஒரே பெயர்க்காரர்களைப் பிரிக்கிறது.

அமெரிக்காவின் உச்ச மட்டமான மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று நேஷனல் லீக். அதன் 2003 சாம்பியன்ஷிப் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். சிகாகோ கப்ஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப் அலெக்ஸ் கொன்சாலஸ். எதிரணியான ஃபுளோரிடா மார்லின்ஸின் ஷார்ட்ஸ்டாப்பும் அலெக்ஸ் கொன்சாலஸ். ஆறாம் ஆட்டத்தின் எட்டாம் இன்னிங்ஸில், மிகெல் கப்ரேரா அடித்த தரைப்பந்தைத் தவறவிட்டவர் கப்ஸ்காரர். பெயரை மட்டும் வைத்துக் கூட்டினால் ஒருவருடைய எரர் இன்னொருவர் தலையில் ஏறும். நானே ஆரம்பத்தில் இந்த இருவரையும் ஒரே ஆளாகக் கூட்டி, ஓர் ஆண்டில் 300 ஆட்டம் ஆடிய ஷார்ட்ஸ்டாப்பை உருவாக்கிவிட்டேன். ஒரு வீரரின் ஆண்டு ஆட்டங்கள் 162ஐ வெகுவாகத் தாண்டினால், முதலில் பெயரைச் சந்தேகப்படுங்கள்.

4. நிலை வாரியாகப் பிரியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டுச் செல்பவர்களே அதிகம். ஃபீல்டிங் கோப்பில் ஒவ்வொரு வரியும் ஒரு வீரர், ஓர் ஆண்டு, ஓர் அணி, ஒரு நிலை (களத்தில் நிற்கும் இடம்) என்று பிரிந்திருக்கிறது. அதை அப்படியே வைத்திருங்கள். எல்லா நிலைகளையும் ஒன்றாகக் கூட்டி ஒரே ‘வாழ்நாள் ஃபீல்டிங் சதவீதம்’ போடாதீர்கள்.

கப்ஸ் அணியின் எர்னி பேங்க்ஸ் 1,125 ஆட்டங்களில் ஷார்ட்ஸ்டாப்பாகவும் 1,259 ஆட்டங்களில் முதல் பேஸிலும் நின்றார். ஷார்ட்ஸ்டாப்பில் அவருடைய சதவீதம் 0.969, முதல் பேஸில் 0.994. கலந்தால் 0.986 அளவில் ஓர் எண் வரும். அது எந்த நிலைக்கும் உரிய எண் அல்ல. முதல் பேஸில் ஓர் ஆட்டத்துக்கு எட்டு, ஒன்பது எளிய புட்அவுட்கள் வந்து குவிவதால், அந்தக் குவியல் ஷார்ட்ஸ்டாப் காலத்தை மூழ்கடித்துவிடுகிறது. ஐந்து வெவ்வேறு நிலைகளில் தலா 500 ஆட்டங்களுக்கு மேல் ஆடிய பீட் ரோஸைக் கலந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப்பாருங்கள்.

அவுட்ஃபீல்டில் கூடுதல் கவனம் வேண்டும். இடது, நடு, வலது என்று மூன்று இடங்கள் இருந்தாலும், முதன்மைக் கோப்பில் மூன்றும் ‘அவுட்ஃபீல்ட்’ என்ற ஒரே தலைப்பில் வரும். பிரிந்த கணக்கு வேறொரு கோப்பில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கூட்டினால் எல்லாம் இரட்டிப்பாகும். பிரிந்த கோப்பின் மூன்று ஆட்ட எண்ணிக்கைகளைக் கூட்டினாலும் மொத்த ஆட்டங்களைவிட அதிகம் வரும். ஒரே ஆட்டத்தில் இடதிலிருந்து நடுவுக்கு மாறியவர் இரண்டிலும் எண்ணப்படுவதே காரணம். அது பிழை அல்ல, திருத்த முயலாதீர்கள்.

5. கூட்டுங்கள், பிறகு கூட்டலைச் சோதியுங்கள்

பருவத்தின் நடுவில் அணி மாறியவருக்கு ஓர் ஆண்டில் ஒரே நிலைக்கு இரண்டு வரிகள் இருக்கும். கீத் ஹெர்னாண்டஸ் 1983 ஜூனில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸிலிருந்து நியூயார்க் மெட்ஸுக்கு மாறினார். முதல் வரியை மட்டும் எடுத்தால் அந்த ஆண்டில் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும்.

புட்அவுட், அசிஸ்ட், எரர் எண்ணிக்கைகளைக் கூட்டுங்கள். ஆண்டுச் சதவீதங்களைக் கூட்டி ஆண்டுகளால் வகுக்காதீர்கள். 20 ஆட்டம் ஆடிய ஆண்டும் 155 ஆட்டம் ஆடிய ஆண்டும் ஒரே எடை பெற்றுவிடும்.

சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. ஓர் அணியின் எல்லா வீரர்களின் புட்அவுட்களையும் ஓர் ஆண்டுக்குக் கூட்டுங்கள். மூன்றால் வகுத்தால் அந்த அணி களத்தில் நின்ற மொத்த இன்னிங்ஸ் வரவேண்டும், ஏனென்றால் ஓர் இன்னிங்ஸில் அடிக்கும் அணியின் முறை மூன்று அவுட்டில் முடியும், விழுந்த ஒவ்வொரு அவுட்டுக்கும் ஒரு புட்அவுட் உண்டு. இது பெரிதாக இடித்தால் ஏதோ ஒரு வரியை விட்டுவிட்டீர்கள், அல்லது இருமுறை எண்ணிவிட்டீர்கள். வீரரை விட்டுவிட்டு அணியை ஏன் சோதிக்கவேண்டும் என்று கேட்பார்கள். வீரரின் எண்ணை ஒப்பிட வெளியே வேறு அளவுகோல் இல்லை, அணிக்கு இருக்கிறது.

6. இப்போது சதவீதம்

புட்அவுட்டையும் அசிஸ்டையும் கூட்டுங்கள். அதோடு எரரைச் சேர்த்த மொத்தத்தால் வகுங்கள். வந்த வாய்ப்புகளில் எத்தனையை முடித்தார் என்பதே ஃபீல்டிங் சதவீதம்.

ஓஸி ஸ்மித்தைப் போட்டுப்பார்ப்போம். ஷார்ட்ஸ்டாப்பாக 2,511 ஆட்டங்கள். 4,249 புட்அவுட், 8,375 அசிஸ்ட், 281 எரர். மேலே 12,624, கீழே 12,905. விடை 0.978.

அடுத்து ஹோனஸ் வாக்னர். 1897 முதல் 1917 வரை ஆடியவர். 1,887 ஆட்டங்கள் ஷார்ட்ஸ்டாப்பாக. 4,576 புட்அவுட், 6,041 அசிஸ்ட், 676 எரர். விடை 0.940.

இங்கேதான் புதியவர்கள் ‘வாக்னர் சுமாரான ஃபீல்டர்’ என்று எழுதிவிடுகிறார்கள். அவர் காலத்து ஷார்ட்ஸ்டாப்களின் சராசரியைவிட 0.940 மேலானது. அன்றைய கையுறை சிறிய, மெல்லிய தோல். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பின்னல் வைத்த பில் டோக் கையுறை 1920 வாக்கில்தான் வந்தது. தரையும் மேடுபள்ளமாக இருந்தது. 1954க்கு முன்புவரை வீரர்கள் தங்கள் முறை முடிந்ததும் கையுறையைக் களத்திலேயே போட்டுவிட்டுப் போனார்கள். உருண்டுவரும் பந்து அதில் பட்டுத் திசைமாறவும் வாய்ப்பு இருந்தது. ஸ்மித்தோ பெரும்பகுதியைச் செயின்ட் லூயிஸின் செயற்கைப் புல்வெளியில் ஆடினார். பந்து எப்படி எழும் என்று அங்கே முன்கூட்டியே சொல்லலாம். இரண்டு எண்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது வீரர்களை ஒப்பிடுவதாகாது. தோலையும் தரையையும் ஒப்பிடுவதாகவே முடியும்.

7. ரேஞ்ச் ஃபேக்டர்: எத்தனை பந்துகளை எட்டினார்?

சதவீதம் எட்டிய பந்துகளை மட்டும் பேசுகிறது. எட்டாதவற்றைக் கணக்கில் கொண்டுவர 1970களில் பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் ரேஞ்ச் ஃபேக்டரை முன்வைத்தார். புட்அவுட்டும் அசிஸ்டும் சேர்ந்த தொகையை ஆட்டங்களால் வகுப்பதுதான் அது.

ஸ்மித்தின் வாழ்நாள் கணக்கு 12,624ஐ 2,511ஆல் வகுத்தால் 5.03. சான் டியேகோ பாட்ரெஸுக்கு ஆடிய 1980இல் அவர் 158 ஆட்டங்களில் 288 புட்அவுட், 621 அசிஸ்ட் எடுத்தார், அது 5.75. அந்த 621 அசிஸ்ட் ஷார்ட்ஸ்டாப்புக்கு ஓராண்டுச் சாதனை. அதே ஆண்டில் அவருக்கு 24 எரரும் விழுந்தன, சதவீதம் 0.974தான். சதவீதத்தை மட்டும் பார்ப்பவர் அவருடைய மிகச் சிறந்த ஆண்டைச் சாதாரண ஆண்டு என்று ஒதுக்கிவிடுவார்.

இன்னிங்ஸ் கணக்கு கிடைத்தால் ஆட்டத்துக்குப் பதில் அதையே பயன்படுத்துங்கள். தொகையை ஒன்பதால் பெருக்கி இன்னிங்ஸால் வகுங்கள். கடைசி இன்னிங்ஸில் மாற்றாக இறங்கியவருக்கும் ‘ஓர் ஆட்டம்’ என்றே பதிவாகும். அது எண்ணைக் குறைத்துக்காட்டும். லாமன் கோப்பில் இன்னிங்ஸ் என்ற நிரல் உண்மையில் அவுட்களின் எண்ணிக்கை. மூன்றால் வகுத்த பின்னரே இன்னிங்ஸ். மறந்தால் எல்லா வீரர்களும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிப்போவார்கள். பழைய ஆண்டுகளுக்கு இந்த நிரல் பெரும்பாலும் காலியாக இருக்கும். அங்கே ஆட்டங்களை வைத்தே போடவேண்டும்.

8. அதே ஆண்டு, அதே லீக், அதே நிலை

வாக்னரின் ரேஞ்ச் ஃபேக்டர் 5.63. ஸ்மித்தின் 5.03ஐவிட அதிகம். ஆனால் வாக்னர் காலத்தில் ஸ்டிரைக்அவுட் குறைவு. அடிக்கப்பட்டுக் களத்துக்குள் வந்த பந்துகள் அதிகம். எல்லா ஷார்ட்ஸ்டாப்களுக்கும் வேலை அதிகமாக இருந்தது. இன்று ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக எட்டுக்கு மேற்பட்ட ஸ்டிரைக்அவுட்களைச் சந்திக்கிறது. ஃபீல்டர்களுக்குப் போகும் பந்து அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது.

ஆகவே ஒப்பீட்டுக்கு அந்த ஆண்டின் லீக் சராசரியை நீங்களே போடுங்கள். அந்த லீக்கில் அந்த நிலையில் நின்ற எல்லோரின் புட்அவுட், அசிஸ்ட், எரர்களைக் கூட்டிச் சதவீதம் எடுங்கள். ரேஞ்ச் ஃபேக்டருக்கு மட்டும் தனி நபர் ஆட்டங்களைக் கூட்டி வகுக்காதீர்கள். மாற்று ஆட்டக்காரர்களால் அந்தக் கூட்டல் ஊதிப்போயிருக்கும். அணிகளின் ஆட்டங்களால் வகுங்கள். 1980 நேஷனல் லீக்கில் 12 அணிகள். ஆளுக்கு 162 என்றால் 1,944 அணி ஆட்டங்கள். ஒவ்வோர் அணி ஆட்டத்திலும் ஷார்ட்ஸ்டாப் வேலை ஒரு முழு ஆட்டத்துக்குத்தான் நடந்திருக்கிறது.

வாழ்நாள் சாதனைகளை ஒப்பிடும்போது பருவத்தின் நீளத்தையும் பாருங்கள். 1904 முதல் 154 ஆட்டங்கள் பெரும்பாலும் வழக்கம்; அமெரிக்கன் லீக் 1961இலும் நேஷனல் லீக் 1962இலும் 162க்கு மாறின.

9. எண்ணுக்குப் பின்னால் இருக்கும் மைதானமும் பிட்சர்களும்

சராசரியைவிட வெகுவாக மேலோ கீழோ ஓர் எண் நின்றால், வீரரைப் பாராட்டும் முன் காரணத்தைத் தேடுங்கள். எனக்குப் பிடித்த படி இதுதான்.

1930இல் பிலடெல்பியா ஃபில்லீஸின் வலது அவுட்ஃபீல்டர் சக் கிளைன் 44 அசிஸ்ட் எடுத்தார். 1900க்குப் பிந்தைய சாதனை அது. அவர் ஆடிய பேக்கர் பவுல் மைதானத்தில் வலது மூலைச் சுவர் 280 அடியில் இருந்தது. சுவரில் பட்டுத் திரும்பும் பந்து அவர் காலடிக்கு வரும். அங்கிருந்து எறிய வேண்டிய தொலைவு குறைவு. அந்த அணியின் பிட்சர்கள் அந்த ஆண்டு ஒன்பது இன்னிங்ஸுக்கு, எரரால் வந்த ரன்களைச் சேர்க்காமலே, 6.71 ரன் கொடுத்தார்கள். 102 ஆட்டங்களில் தோற்றார்கள். பேஸ்களில் எப்போதும் ஓட்டக்காரர்கள் நின்றால், எறிந்து வீழ்த்த ஆளுக்குப் பஞ்சமில்லை. கிளைனுக்கு நல்ல கை இருந்தது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் 44 என்பது கை, சுவர், பிட்சர்கள் மூன்றும் சேர்ந்த எண்.

முதல் பேஸில் இன்னும் நுட்பமான கதை ஒன்று இருக்கிறது. ஸ்டீவ் கார்வி 1984இல் ஓர் எரர்கூட இல்லாமல் பருவத்தை முடித்தார்; சதவீதம் 1.000. பில் பக்னர் 1985இல் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு 184 அசிஸ்ட் எடுத்தார். 2009இல் ஆல்பர்ட் பூஹோல்ஸ் 185 எடுக்கும்வரை முதல் பேஸுக்கு அதுவே சாதனை. கார்வியின் எறியும் கை பலவீனம் என்பது எல்லோரும் அறிந்தது. இடர் நிறைந்த எறிதலைத் தவிர்ப்பவருக்கு எரர் குறையும், அசிஸ்டும் குறையும். பக்னருக்கோ கணுக்கால்கள் சிதைந்திருந்தன. பந்தை எடுத்துக்கொண்டு தானே பேஸுக்கு ஓடுவதற்குப் பதில், ஓடிவரும் பிட்சருக்கு எறிந்துவிடுவார். தானே மிதித்தால் புட்அவுட் மட்டும், எறிந்தால் அசிஸ்ட். வலியின் தடயம் அந்த 184க்குள் இருக்கிறது. 1986 உலகத் தொடரின் ஆறாம் ஆட்டத்தில் மூக்கி வில்சன் அடித்த பந்து கால்களுக்கிடையே போன அந்த ஒரு நொடியை வைத்து மட்டும் அவரை அளப்பவர்கள் இந்த நிரலையும் ஒருமுறை பார்க்கவேண்டும்.

டபுள் பிளே எண்ணிக்கையிலும் இதே கவனம் தேவை. முதல் பேஸில் ஓட்டக்காரர் இருந்தால்தான் பெரும்பாலான டபுள் பிளேகளுக்கு வழி. நிறைய வாக் (நான்கு மோசமான வீச்சுகளுக்குப் பேட்டருக்குக் கிடைக்கும் இலவச முதல் பேஸ்) கொடுக்கும், தரைப்பந்து அதிகம் அடிக்கவைக்கும் பிட்சர்களின் பின்னால் நிற்பவருக்கு வாய்ப்பு அதிகம். பிட்ஸ்பர்க்கின் பில் மெசரோஸ்கி இரண்டாம் பேஸில் செய்த 1,706 டபுள் பிளே இன்றும் அந்த நிலைக்குச் சாதனை. அதன் பெருமையை மதிப்பிட, அவர் அணியின் பிட்சர்கள் எதிரணியின் எத்தனை ஓட்டக்காரர்களை முதல் பேஸுக்கு விட்டார்கள் என்பதையும் அருகில் எழுதிக்கொள்ளுங்கள்.

10. விருதுகளைக் கடைசியில் பாருங்கள்

சிறந்த ஃபீல்டர்களுக்கான கோல்ட் க்ளவ் விருது 1957இல் தொடங்கியது. அதற்கு முன் ஆடியவரிடம் அது இல்லை என்பது எதையும் சொல்லாது. 1961 முதல் 2010 வரை அவுட்ஃபீல்டர்களுக்கு இடது, நடு, வலது என்ற பிரிவினை இல்லாமல் மூன்று விருதுகள் கொடுக்கப்பட்டதால், மூலை ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் ஓரங்கட்டப்பட்டார்கள். 1999இல் ரஃபேல் பால்மேரோ முதல் பேஸில் வெறும் 28 ஆட்டங்கள் நின்று கோல்ட் க்ளவ் வாங்கினார். விருதை முதலில் பார்த்தால் எண்களை அதற்கேற்ப வளைக்கத் தோன்றும்.

11. எழுதிவைக்கும் முறை

ஒரு வீரருக்கு ஒரு நிலைக்கு ஒரு வரி: ஆட்டங்கள், மூன்று எண்ணிக்கைகள், சதவீதம், ரேஞ்ச் ஃபேக்டர், இரண்டின் லீக் சராசரியும், மைதானம் பற்றி ஒரு சொற்றொடர். பிட்சர்களைப் பற்றி ஏதாவது தென்பட்டால் அதையும் சேருங்கள்.

காலிக் கட்டத்தைச் சுழியமாக நிரப்பாதீர்கள். கறுப்பின வீரர்களுக்கெனத் தனியே இருந்த நீக்ரோ லீக்குகளின் வீரர்களுக்கு இது மிக முக்கியம். 1920 முதல் 1948 வரையிலான அந்த லீக்குகளுக்கு மேஜர் லீக் தகுதி 2020 டிசம்பரில்தான் அறிவிக்கப்பட்டது. 2024 மே மாதத்தில் அவற்றின் எண்கள் அதிகாரபூர்வ ஏட்டில் சேர்ந்தன. அந்தக் கணக்குகள் பெரும்பாலும் பழைய செய்தித்தாள்களின் ஸ்கோர் கட்டங்களிலிருந்து மீட்கப்பட்டவை. ரன்னும் ஹிட்டும் அச்சான எல்லா நாள்களிலும் புட்அவுட்டும் அசிஸ்டும் அச்சாகவில்லை. அங்கே காலி என்றால் யாரும் எழுதிவைக்கவில்லை என்று பொருள். அந்த மனிதர் பந்தைப் பிடிக்கவில்லை என்று பொருள் அல்ல.

கடைசியாக, தரவுத்தளத்தின் பதிப்பையும் நீங்கள் எடுத்த தேதியையும் வரியின் ஓரத்தில் எழுதுங்கள். வில்லி மேஸ் 1948இல் பர்மிங்ஹாம் பிளாக் பேரன்ஸுக்கு ஆடிய காலத்தின் 10 ஹிட்கள் 2024இல் சேர்ந்தபோது, அவருடைய வாழ்நாள் மொத்தம் 3,283இலிருந்து 3,293 ஆனது. பழைய ஏட்டின் எண்ணும் புதிய ஏட்டின் எண்ணும் இடிக்கும்போது, எது எந்த நாளையது என்று தெரிந்தால் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.